பனிமூட்ட விளக்கும் பரிசோதனைப் பயமும்

பிரித்தானியாவில் வாழும் எமது குடும்பங்கள் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் பரீட்சைகளுள் ஒன்று, பிள்ளைகளின் பாடசாலையில் நடைபெறுவதன்று. வீதியோரத்துக் கராஜ் ஒன்றிலே நடைபெறுவது. ‘எம்.ஓ.ரி.’ என்ற மூன்றெழுத்தைக் கேட்டதுமே கார் வைத்திருக்கும் வீடுகளிலே ஒரு பதற்றம் தோன்றிவிடுகின்றது. கார் ‘பாஸ்’ ஆகுமா, ‘பெயில்’ ஆகுமா, எவ்வளவு பணம் கேட்பார்கள், அடுத்த நாள் அதிகாலை வேலைக்கு எப்படிப் போவது என்ற கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. அண்மைக் காலத்தில் பலரும் என்னிடம் கேட்ட கேள்வி மிகச் சிறியது: “மாஸ்ரர், காரின் முன்பக்கத்து பொக் லைற் உடைந்து போயிற்று. எம்.ஓ.ரி. கிடைக்குமோ?”

கேள்வி சிறியதுதான். ஆயினும், எமது குடும்பங்களின் பணம் எவ்வழியாக ஒழுகிச் செல்கின்றது என்பதை இச்சிறு கேள்வியே காட்டிவிடுகின்றது. எனவே விடையையும், அந்த விடையை அறியாமையால் நாம் இழப்பதையும் சேர்த்தே இங்கு எழுத விழைகின்றேன்.

பரிசோதனையின் நோக்கம்

எம்.ஓ.ரி. என்பது அக்காலத்திலிருந்த போக்குவரத்து அமைச்சின் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாகும். அப்பெயரில் அமைச்சு இன்று இல்லை. பெயர் மட்டும் பரிசோதனையோடு ஒட்டிக்கொண்டது. 1960ஆம் ஆண்டிலே இப்பரிசோதனை ஆரம்பிக்கப்பட்டபோது, பத்தாண்டுகளைக் கடந்த வாகனங்களே அதற்கு உட்படுத்தப்பட்டன. பிரேக், ஸ்ரியரிங், விளக்குகள் ஆகியனவே அன்று சோதிக்கப்பட்டன. 1967ஆம் ஆண்டு முதல் மூன்று வயதான கார்களும் பரிசோதனைக்கு வரவேண்டும் என்றாயிற்று. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகிய பகுதிகளில் இன்றும் அதுவே விதி. வட அயர்லாந்தில் மாத்திரம் நான்காண்டுகள். தொடக்க நாளிலேயே விளக்குகளுக்கு இடமளிக்கப்பட்டமையைக் கவனிக்க வேண்டும். வீதியிலே ஒரு வாகனம் பிற வாகனங்களோடு பேசும் மொழி விளக்குத்தான். நிற்கப் போகின்றேன், திரும்பப் போகின்றேன், பின்னே வருகின்றேன் என்று சொல்வதற்கு அதற்கு வேறு வாய் இல்லை.

2018ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி இப்பரிசோதனையின் தீர்ப்பு முறை மாற்றப்பட்டது. அதற்கு அடிப்படை 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட ஒரு பணிப்புரை. ஒன்றியத்தை விட்டுப் பிரித்தானியா விலகிய பின்னரும் அம்முறை நீடிக்கின்றது. இதனை விளங்கிக்கொண்டாற் பாதிப் பயம் நீங்கிவிடும். குறைகள் இன்று மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றன: ஆபத்தான குறை, பெருங்குறை, சிறு குறை. முதலிரண்டில் ஒன்று இருப்பினும் வாகனம் சித்தியடையாது. சிறு குறை இருந்தாற் சித்தியடையும். ஆனால் விரைவிலே திருத்துமாறு தாளிலே குறிக்கப்படும். இவற்றிற்குப் புறம்பாக ஆலோசனைக் குறிப்பு என்றொன்றும் உண்டு. இன்று பழுதில்லை, நாளை பழுதாகலாம், கவனித்துக்கொள்க என்பதே அதன் பொருள்.

விடைத்தாள் திருத்திப் பழகியவன் என்பதால் எனக்கு இது எளிதாகவே விளங்குகின்றது. ஓர் எழுத்துப் பிழைக்காக மாணவனைச் சித்தியடையாமற் செய்வதில்லை. சிவப்புக் கோடிட்டு மேல் வகுப்புக்கு அனுப்புகின்றோம். கேட்ட வினாவுக்கே விடை எழுதாதவனைத்தான் நிறுத்தி வைக்கின்றோம். எம்.ஓ.ரி. தாளிலும் சிவப்புக் கோடு வேறு, சித்தியின்மை வேறு. எம்மவர் பலர் அத்தாளிலே எழுத்துக்களைக் கண்டதும், அவை எதனைச் சொல்கின்றன என்று பாராமலே ‘பெயில்’ என்று முடிவு கட்டிவிடுகின்றனர்.

முன் விளக்குக்குரிய விடை

இனிக் கேட்ட கேள்விக்கு வருவோம். காரின் முன்புறத்தே, பம்பரின் கீழ்ப்பகுதியிற் பொருத்தப்பட்டிருக்கும் பனிமூட்ட விளக்கு சட்டம் கட்டாயப்படுத்திய விளக்கன்று. அது இல்லாத கார்கள் வீதியிலே ஏராளமாக ஓடுகின்றன. 2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதலாம் திகதிக்கு முன்னர் பாவனைக்கு வந்த கார்களில், முன்புறப் பனிமூட்ட விளக்கு எம்.ஓ.ரி. பரிசோதனைக்கு உட்பட்டதே அன்று. அது எரியாதிருந்தாலும், அதன் கண்ணாடி உடைந்திருந்தாலும், அந்த விளக்கின் காரணமாகக் காரைத் தோல்வியடையச் செய்ய இடமில்லை.

அத்திகதியன்றோ அதன் பின்னரோ பாவனைக்கு வந்த காராயின், பொருத்தப்பட்டிருக்கும் முன்புறப் பனிமூட்ட விளக்கும் பரிசோதிக்கப்படும். அங்கேயும் உடைவின் அளவே தீர்ப்பைத் தீர்மானிக்கும். கண்ணாடியிலே சிறு வெடிப்பு, வெளிச்சத்திற் குறைவில்லை எனின் அது சிறு குறை. வெளிச்சம் பாதிக்கப்படுமளவுக்குச் சிதைந்திருப்பின் அது பெருங்குறை. விளக்கு கழன்று விழும் நிலையில் தொங்கினாலோ, எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யுமாறு சரிந்திருந்தாலோ அதுவும் பெருங்குறையே.

எனவே முதலிற் பார்க்க வேண்டியது, கார் எப்போது பாவனைக்கு வந்தது என்பதை. பதிவுப் பத்திரத்திலே அத்திகதி இருக்கின்றது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. விளக்கு பரிசோதனைக்கு உட்படாதிருக்கலாம். அதனைச் சுற்றியுள்ள பம்பர் உட்பட்டதே. விளக்கை உடைத்த அதே மோதல், பம்பரையும் பிளந்து கூரான விளிம்பை விட்டுச் சென்றிருக்கலாம். உரசிச் செல்லும் ஒருவரின் காலைக் கிழிக்கக்கூடிய விளிம்பு பெருங்குறை. பம்பர் கழன்று விழக்கூடிய நிலையெனின் அது ஆபத்தான குறை. “விளக்கு உடைந்ததற்காகப் பெயிலாக்கினார்கள்” என்று சொல்வோர் சிலரின் தாளை வாங்கிப் பார்த்தால், அங்கு எழுதப்பட்டிருப்பது விளக்கைப் பற்றியன்று, பம்பரைப் பற்றியே. தாளை வாசித்திருந்தால், விளக்கை மாற்றாமல் பம்பரை மாத்திரம் சீராக்கியிருக்கலாம்.

பின்புறம் வேறு கதை

முன்புற விளக்கின் விதியைப் பின்புறத்துக்குப் பொருத்திப் பார்ப்பது ஆபத்து. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி முதல் பாவனைக்கு வந்த கார்களுக்குப் பின்புறச் சிவப்புப் பனிமூட்ட விளக்கு ஒன்று கட்டாயம். அது காரின் நடுவிலோ அல்லது வலப்புறத்திலோ, அதாவது இந்நாட்டுச் சாரதி அமரும் பக்கத்திலோ, இருக்க வேண்டும். அது எரியாவிடிற் கார் சித்தியடையாது.

இவ்விடத்திலே ஜேர்மனி, ஒல்லாந்து, பிரான்ஸ், டென்மார்க் முதலிய நாடுகளிற் பல்லாண்டு வாழ்ந்து, பின்னர் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காகவும் உறவினரோடு சேர்ந்திருப்பதற்காகவும் இங்கு குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு சொல். தட்டுமுட்டுச் சாமான்களோடு தமது காரையும் ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் உள்ளனர். அக்கார்கள் வலப்பக்கமாக ஓடும் வீதிகளுக்கென அமைந்தவை. அவற்றுட் பலவற்றிலே பின்புறப் பனிமூட்ட விளக்கு ஒன்றே இருக்கும். அதுவும் இடப்புறத்திலே இருக்கும். விளக்கு உடையவில்லை, பழுதில்லை, பளிச்சென்று எரிகின்றது. ஆயினும் இங்கே அது தவறான பக்கம். அவ்வாறே முன்புறப் பெருவிளக்கு, ஒளியைத் தாழ்த்தும்போது வலப்பக்கமாகச் சாயும். இந்நாட்டிலே அது எதிரே வருபவரின் கண்ணுக்குள் நேரே பாயும். இவ்விரண்டையும் மாற்றியே ஆகவேண்டும். இதிற் கராஜ்காரர் பணம் கேட்டால், அது ஏமாற்று அன்று.

ஏனைய துணை விளக்குகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். பின்னோக்கிச் செல்லும்போது எரியும் வெள்ளை விளக்கு, 2009ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து பாவனைக்கு வந்த கார்களிற் பரிசோதிக்கப்படுகின்றது. பகலில் தாமாகவே எரியும் விளக்குகள், 2018 மார்ச் முதலாம் திகதியிலிருந்து வந்த கார்களிற் பரிசோதிக்கப்படுகின்றன. பின் இலக்கத்தகட்டுக்கு ஒளி தரும் விளக்குகள் இரண்டிருந்து ஒன்று எரியாவிடிற் சிறு குறை. எதுவுமே எரியாவிடிற் பெருங்குறை. அதனைச் சரிசெய்யப் பெரும்பாலும் ஒரு சிறு மின்குமிழே போதும். பின்விளக்கின் சிவப்புக் கண்ணாடி உடைந்து, அத்துவாரத்தின் வழியே வெள்ளொளி பின்னோக்கித் தெரியுமாயின் அது தோல்விக்குரியது. சைகை விளக்கின் மஞ்சட் சாயம் வெளிறி வெள்ளையாக எரிந்தாலும் அவ்வாறே. பின்னே வெள்ளொளி தெரிந்தால், இருளில் வருபவருக்குக் கார் தன்னை நோக்கி வருகின்றதா, தன்னைவிட்டுப் போகின்றதா என்பதே விளங்காது.

பயத்துக்குக் கொடுக்கும் பணம்

விதிகளைச் சொல்லிவிட்டேன். இனி நான் சொல்ல விரும்பியதைச் சொல்கின்றேன்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். கணவன் நோயாளி. மனைவி அதிகாலை நான்கு மணிக்கு விமான நிலையத்திலே துப்புரவு வேலைக்குச் செல்பவர். அந்நேரத்திலே அவர் வசிக்கும் பகுதியிலிருந்து நேரே செல்லும் பேருந்து இல்லை. கார் இல்லையேல் வேலை இல்லை. அவரது கார் 2012ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கடைத்தெருவிலே யாரோ இடித்துவிட்டுப் போனதால் முன்பக்கத்துப் பனிமூட்ட விளக்கொன்று உடைந்தது. எம்.ஓ.ரி. திகதி நெருங்கியதும், இது மாற்றாமற் சரிவராது என்று ஒரு கராஜிற் சொல்லியிருக்கின்றார்கள். நூற்றெண்பது பவுண். சீட்டுக் காசை முன்கூட்டியே, கழிவு கூடுதலாகக் கொடுத்து எடுத்து, விளக்கை மாற்றிவிட்டார். மேலே சொன்ன விதியின்படி அந்த விளக்கைப் பரிசோதகர் பார்க்கவே வேண்டியதில்லை.

“போனாற் போகட்டும் மாஸ்ரர், பாதுகாப்புத்தானே” என்றார் அவர். அதற்கு மறுமொழி சொல்ல வேண்டியது என் கடமையாகின்றது. அந்தப் பரிசோதனைத் தாளிலேயே ஓர் ஆலோசனைக் குறிப்பும் இருந்தது: முன்பக்கத்து இரு ரயர்களும் தேய்மான எல்லையை அண்மித்துவிட்டன. இந்நாட்டுச் சட்டப்படி ரயரின் நடு முக்காற்பகுதியிலே, சுற்றுவட்டம் முழுவதும், 1.6 மில்லிமீற்றர் ஆழமாவது இருக்க வேண்டும். மாரிகாலத்து ஈரவீதியிலே அவர் உயிரைத் தாங்கிச் செல்வது அந்த ரயர்கள்தாம். ஆண்டில் இரண்டு நாள் எரிப்பாரோ என்னவோ என்ற அந்த விளக்கன்று. ரயருக்குப் பணம் இல்லை. அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். பணம் இருந்தது. அது விளக்குக்குப் போய்விட்டது.

என் வாதம் இதுதான். வசதியுள்ளவன் பயந்து செலவழித்தால் அவனுக்குப் பணம் மட்டுமே நட்டம். எம்மைப் போன்ற குடும்பங்களிலே பயத்துக்குக் கொடுத்த பணம், பாதுகாப்புக்கு வேண்டிய வேளையிற் கையில் இருப்பதில்லை. ஆகவே விதியை அறிந்துகொள்வது கஞ்சத்தனமன்று. எங்கே செலவிட வேண்டும் என்பதை அறிவதேயாகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இங்கே இருண்ட விளக்கொன்று பேயாகிவிட்டது. உண்மையான ஆபத்துச் சக்கரத்திலே இருந்தது.

நாம் அஞ்சுவது எதற்கு?

எம்மவர் இயந்திரத்தைக் கண்டு அஞ்சுபவர் அல்லர். 1990ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடுக்கப்பட்டிருந்த காலத்திலே, பழைய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் மண்ணெண்ணெயில் ஓட்டிக்காட்டியவர்கள் எமது மெக்கானிக்குகள். மின்சாரம் இல்லாத இரவுகளிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் நாம். அத்தகைய மக்கள் ஒரு விளக்கின் உடைவுக்கு ஏன் அஞ்ச வேண்டும்?

நாம் அஞ்சுவது விளக்குக்கு அன்று, தாளுக்கு. அரசாங்க முத்திரையோடு ஆங்கிலத்தில் வரும் எந்தத் தாளும் எமக்கு ஒரே தாளாகவே தெரிகின்றது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட கடிதத்தைப் பிரித்துப் படித்த கை, கராஜ்காரர் நீட்டும் தாளையும் அதே நடுக்கத்தோடு வாங்குகின்றது. எம்.ஓ.ரி.யிலே தோற்றால் அது உள்துறை அமைச்சின் கோப்புக்குப் போகும், பிரசாவுரிமை விண்ணப்பத்துக்கு இடைஞ்சலாகும் என்று மெய்யாகவே நம்பும் ஒரு முதியவரை நான் சந்தித்திருக்கின்றேன். அவருக்கும் அவரைப் போன்றோருக்கும் சொல்கின்றேன்: பரிசோதனையிலே கார் தோற்பது குற்றமன்று. அந்தப் பதிவு வாகனத்தைப் பற்றியது. எவரும் வாகன இலக்கத்தைக் கொடுத்து அதன் பரிசோதனை வரலாற்றை அரசாங்கத்தின் இணையத்தளத்திற் பார்க்கலாம். அதிலே உரிமையாளரின் பெயரே இராது. ஆனால் எம்.ஓ.ரி. காலாவதியான காரை வீதியில் ஓட்டுவது குற்றம். அதற்கு ஆயிரம் பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம். பரிசோதனைக்கு அஞ்சித் திகதியைக் கடத்துபவர், குற்றமல்லாத ஒன்றுக்கு அஞ்சிக் குற்றமான ஒன்றைச் செய்கின்றார்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகின்றது. கராஜிலே பேசுவதற்குப் பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அழைத்துச் செல்கின்றோம். பிள்ளைக்கு ‘பாஸ்’, ‘பெயில்’ என்ற சொற்கள் தெரியும்; பெருங்குறை எது, சிறு குறை எது, ஆலோசனை எது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது? “அப்பா, நூற்றெண்பது பவுண் கேட்கிறார்” என்று மொழிபெயர்த்துவிட்டு, தந்தையின் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அப்பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். குடும்பத்தின் கடன் சுமையை அப்பிள்ளையின் வாயாலேயே நாம் சொல்ல வைக்கின்றோம்.

தொலைபேசி வழியாக வரும் சட்டங்களும் குழப்பத்தை வளர்க்கின்றன. ஜேர்மனியில் இருக்கும் மைத்துனர், “பொருத்தியிருக்கிற லைற் எல்லாம் எரியத்தான் வேணும்” என்கின்றார். அவர் சொல்வது அவரது நாட்டுக்குச் சரி. அங்கே வாகனத்திலுள்ள ஒளிக்கருவிகள் எப்போதும் இயங்கு நிலையிலே இருக்க வேண்டும் என்று விதி உண்டு. அங்கே புதுக்காருக்கு மூன்றாண்டின் பின்னும், அதன்மேல் ஈராண்டுக்கு ஒருமுறையும் பரிசோதனை. இங்கே மூன்றாண்டின் பின் ஒவ்வோராண்டும். உறவு கடல் கடந்து வரலாம். வீதிச் சட்டம் கடல் கடந்து வருவதில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

அப்படியாயின் செய்ய வேண்டியது என்ன? பரிசோதனைக்கு முன்னாள் இரவு, சுவரொன்றின் முன்னே காரை நிறுத்தி ஒவ்வொரு விளக்காக எரித்துப் பாருங்கள். பின்விளக்குகளையும் அவ்வாறே சுவரிலே விழும் ஒளியைக் கொண்டு பார்க்கலாம். இதற்கு ஐந்து நிமிடம் போதும். எரியாத மின்குமிழை அன்றே மாற்றிவிடலாம். காலாவதித் திகதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகவே பரிசோதிக்கலாம். அடுத்த ஆண்டுத் திகதி மாறாது. கடைசி நாள்வரை காத்திருப்பவருக்குப் பேரம் பேசவும் நேரமில்லை, வேறிடம் கேட்கவும் நேரமில்லை.

கார் ஒன்றுக்கு எம்.ஓ.ரி. கட்டணமாக அறவிடக்கூடிய உச்சத்தொகை 54.85 பவுண். பல இடங்களில் அதனிலும் குறைவாகவே கேட்பார்கள். சில நகரசபைகள் தமது வாகனங்களுக்கென வைத்திருக்கும் பரிசோதனை நிலையங்களிலே பொதுமக்களின் கார்களையும் பரிசோதிக்கின்றன. அங்கே திருத்தவேலை செய்வதில்லை. ஆகவே பழுது கண்டுபிடிப்பதால் அவர்களுக்கு இலாபமும் இல்லை. சந்தேகமுள்ளவர்கள் அங்கே செல்லலாம்.

கார் தோற்றுவிட்டது என்றால், “திருத்துங்கள்” என்று உடனே திறப்பைக் கொடுத்துவிட வேண்டாம். தோல்வித் தாளைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு குறைக்கும் எதிரே அது எவ்வகைக் குறை என்பதும், பரிசோதனைக் கைநூலின் எந்தப் பிரிவின் கீழ் வருகின்றது என்பதும் எழுதப்பட்டிருக்கும். அக்கைநூல் இரகசிய நூலன்று. எவரும் இலவசமாகப் பார்க்கலாம். “இது எந்தப் பிரிவு? இது பெருங்குறையா, சிறு குறையா?” என்ற இரண்டு கேள்விகளை ஆங்கிலத்திலே மனனம் செய்துகொண்டாற் போதும்.

காரை அங்கேயே விட்டுத் திருத்தி, பத்து வேலைநாட்களுக்குள் மறுபரிசோதனை செய்தால் அதற்குக் கட்டணமில்லை. வெளியே கொண்டுபோய்த் திருத்துவதாயினும், விளக்கு முதலிய சில குறைகளுக்கு அடுத்த வேலைநாள் முடிவதற்குள் அதே நிலையத்துக்குத் திரும்பி வந்தாற் கட்டணமில்லை. ஆனால் ஆபத்தான குறையோடு காரை வீதிக்கு எடுத்தல் ஆகாது. தீர்ப்பே பிழை என்று கருதுபவர், திருத்தவேலை தொடங்குமுன் அங்கேயே பேசிப் பார்த்து, பின்னர் பதினான்கு வேலைநாட்களுக்குள் அரசாங்க முகவர் நிலையத்திடம் மேன்முறையீடு செய்யலாம். அதற்கு மீண்டும் கட்டணம் செலுத்த வேண்டும். மேன்முறையீடு வென்றால் அது முழுமையாகவோ பகுதியாகவோ திருப்பித் தரப்படும். திருத்திவிட்டு முறையிடுவதிற் பயனில்லை, சான்று அழிந்துவிடும்.

மறுபக்கமும் உண்டு

இவ்வளவும் எழுதியதைப் பார்த்து, “எம்.ஓ.ரி. பார்க்காத விளக்கை நாமும் பார்க்கத் தேவையில்லை” என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். கராஜ்காரர் எல்லோரும் ஏமாற்றுக்காரர் என்பதும் என் கருத்தன்று. வாடிக்கையாளரை அழைத்து, காரை உயர்த்தி, பழுதைக் கண்முன்னே காட்டும் நேர்மையாளர் பலர் உள்ளனர். எமது இளைஞர்களும் அத்தொழிலிலே இருக்கின்றார்கள். மறுபுறம், சிவப்பு ஒட்டுத்தாளைப் பின்விளக்கிலே சுற்றிக்கொண்டு மாதக்கணக்காக ஓடுபவர்களும், காரைக் கொண்டு செல்லாமலே யாரோ ஒருவர் மூலம் சான்றிதழ் ‘எடுக்க’ வழி தேடுபவர்களும் எம்மிடையே இல்லாமலில்லை. அது பரிசோதகரை ஏமாற்றுவதன்று. பின்னே வரும் குடும்பத்தை ஏமாற்றுவதாகும்.

எம்.ஓ.ரி. சான்றிதழ் அன்றைய நாளின் நிலையை மட்டுமே சொல்லும். மறுநாள் பிரேக் விளக்கு எரியாமற் போனால் அச்சான்றிதழைக் காட்டித் தப்ப முடியாது. 1989ஆம் ஆண்டின் வாகன விளக்கு ஒழுங்குவிதிகள், கட்டாய விளக்குகள் வீதியில் எந்நாளும் துப்புரவாகவும் இயங்கு நிலையிலும் இருக்க வேண்டும் என்கின்றன. அவ்விதிகளே இன்னொன்றையும் சொல்கின்றன: பார்வை கடுமையாகக் குறையாத வேளையிலே பனிமூட்ட விளக்கை எரித்தல் கூடாது. பொதுவாக நூறு மீற்றருக்கு அப்பால் தெரியாத நிலையையே அவ்வாறு கொள்வர். ஆயினும், தெளிந்த இரவிலே அழகுக்காக அவ்விளக்குகளை எரித்துக்கொண்டு செல்லும் எமது இளைஞர்களைக் காண்கின்றோம். உடைந்த பனிமூட்ட விளக்குக்காகக் கலங்கும் தந்தையும், உடையாத பனிமூட்ட விளக்கை வேண்டாத வேளையில் எரிக்கும் மகனும் ஒரே வீட்டிலே இருக்கக்கூடும். இருவரும் அறிய வேண்டிய விதி ஒன்றே.

ஒரு யோசனை

சனிக்கிழமைகளிலே எமது தமிழ்ப் பாடசாலைகளின் மண்டபங்களிற் பெற்றோர் இரண்டு மணிநேரம் தேநீரோடு காத்திருக்கின்றனர். அங்கே ஒரு நாள், பரிசோதகராகப் பணிபுரியும் எமது இளைஞர் ஒருவரை அழைத்து, உண்மையான தோல்வித் தாள் ஒன்றைக் கையிலே கொடுத்து, வரி வரியாகத் தமிழிலே விளக்கச் செய்தால் என்ன? தாயகத்தின் ஊர்ப் பெயராலும் பழைய மாணவர் பெயராலும் இயங்கும் சங்கங்கள் ஆண்டுவிழா மலருக்குச் செலவிடும் பக்கங்களுள் ஒன்றை இதற்கு ஒதுக்கலாம். அதிலே பெரிய எழுத்தில் இருக்க வேண்டியவை மூன்றே: எந்தத் திகதிக்குப் பின் வந்த காருக்கு எந்த விளக்கு, எது பெருங்குறை, எது சிறு குறை, தோற்றாற் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்.

விமான நிலையத்துக்கு அதிகாலை நான்கு மணிக்குச் செல்லும் அந்தப் பெண்மணி போன்றவர்கள் எம்மிடையே பலர். அவர்களது சீட்டுக் காசு ரயருக்குப் போகட்டும், பிரேக்குக்குப் போகட்டும், பிள்ளையின் புத்தகத்துக்குப் போகட்டும். வாசிக்கப்படாத ஒரு தாளுக்குப் போக வேண்டாம். அடுத்த முறை கராஜிலே தாளை நீட்டும்போது, பணப்பையைத் திறக்குமுன் அந்தத் தாளை வாசியுங்கள்; வாசிக்க இயலாவிடின், வாசிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரிடம் கொண்டு செல்லுங்கள்.